டவல், விடு

மருமகள் முதல் முறையாக வீட்டுக்கு வந்த அன்று மூன்று மணி நேரம் நின்றுகொண்டே இருந்தாள். “உட்காரும்மா” என்று மாமியார் நான்கு முறை சொன்னார். “இருக்கட்டும் அத்தை” என்று நான்கு முறையும் பதில் வந்தது. மாமியார் உருகிப்போனார். பெரியவர்கள் முன்னால் உட்காராத பெண் இந்தக் காலத்தில் எங்கே கிடைப்பாள் என்று அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். குட்டு உடைய மூன்று வாரம் ஆனது. அது மரியாதை இல்லை. அந்தப் பெண்ணுக்கு உட்கார வராது, அவ்வளவுதான்.

நின்றபடி சாப்பிடுவாள். நடந்தபடி போன் பேசுவாள், அதுவும் பேச்சு முடியும்போது அடுத்த தெருவில் இருப்பாள். பல் தேய்க்கும்போது குளியலறைக்கும் வாசலுக்கும் இடையே பதினோரு நடை. தூக்கத்திலும் நடக்கிறாள் என்று கணவன் புகார் சொல்லி, உதை வாங்கிய முழங்காலை ஆதாரமாகக் காட்டினான். அவன் தொழில் தராசு ரிப்பேர். அசையாமல் நின்றால்தான் தராசு எடை சொல்லும். அப்படிப்பட்டவனுக்கு இப்படி ஒருத்தி வாய்த்தாள். கடைசி வரை அவனால் அவள் எடையை வீட்டில் சரியாகப் பார்க்க முடியவில்லை. முள் ஐம்பத்தாறுக்கும் ஐம்பத்தெட்டுக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கும்.

வேலை மட்டும் அவளுக்கென்றே செய்து வைத்ததுபோல் இருந்தது. பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக் கூடம். துவைக்கும் மெஷினை நிறுத்திக் கதவைத் திறந்தால் ஐம்பது படுக்கை விரிப்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, தண்ணீர் குடித்த கனத்தோடு கிடக்கும். ஒரு முனையை இடது கையில் சுற்றிக்கொண்டு, இடுப்பைத் திருப்பி, வெடுக்கென்று இழுத்தால்தான் பிரியும். ஒரு நாளைக்கு அறுநூறு முறை இழுப்பாள். பிற்காலத்தில் டிவியில் மூன்று நிபுணர்கள் உட்கார்ந்து அலசி ஆராய்ந்த அந்த இடது கைக் குத்தின் ரகசியம் ஈரப் படுக்கை விரிப்புதான். நிபுணர்கள் யாரும் துணி துவைத்ததில்லை என்பதால் அது அவர்களுக்குப் பிடிபடவில்லை.

சலவைக் கூடத்துக்கு எதிர்ச் சந்தில், டயர் கடைக்கு மேல்மாடியில் குத்துச்சண்டைக் கூடம் இருந்தது. ரத்தக் கறை போக்கத் தெரிந்தவர்கள் அந்த வட்டாரத்தில் மருத்துவமனைச் சலவைக்காரர்கள்தான். அதனால் அந்தக் கூடத்துத் துண்டுகள் பக்கவாசல் வழியாக வந்து, வெளுத்து, அதே வழியாகத் திரும்பிப் போகும். ஒருநாள் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அவளுக்கு வந்தது. அப்போது இருபத்து நான்கு வயது.

மேலே மாஸ்டர் யாருக்கோ கையுறை கட்டிவிட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: “யாரு?”

“டவல்.”

“உள்ள வா, டவல். அப்படி ஓரமா நில்லு.”

நில்லு என்றால் எப்படி நிற்பது? பக்கத்தில் மணல்பை தொங்கிக்கொண்டிருந்தது. கால் தானாக மாறியது, இடுப்பு தானாகத் திரும்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு மாஸ்டர் கையுறைக் கயிற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினார்.

“டவலைப் போட வந்தவ, பையை எதுக்குப் போடுற?”

“சும்மா நிக்க ஒரு மாதிரியா இருந்துச்சு சார்.”

“சரி. நாளைக்கும் வந்து சும்மா நில்லு.”

அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் பிறகு போஸ்டரில் ஏறியது, டிவியில் ஓடியது. நாமும் அவளை டவல் என்றே சொல்வோம்; துண்டு என்றால் துணி, டவல் என்றால் இவள். இந்த வித்தியாசத்தை அப்போதே எல்லோரும் கடைப்பிடித்திருந்தால் பாதிக் கதை நடந்தே இருக்காது.

வீட்டில் பூகம்பம் வரும் என்று டவல் பயந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள். மாமியார் அதே மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் முப்பது வருடம் காயம் கட்டியவர். ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது.

“மூஞ்சி கிழிஞ்சா யாரு கட்டுறது?” என்று கேட்டார்.

“நீங்கதான் அத்தை.”

மாமியார் யோசித்தார். “சரி போ. எனக்கும் கை நமநமன்னுதான் இருக்கு.”

கணவன்தான் நடுங்கினான். முதல் போட்டிக்கு வந்து, முதல் குத்து விழுந்ததும் எழுந்து வெளியே போனவன் பிறகு எந்தப் போட்டியையும் பார்க்கவில்லை. ஆனால் வராமலும் இருக்க மாட்டான். வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நிற்பான், கூட்டத்தின் இரைச்சலை வைத்துக் கணக்குப் போடுவான். உள்ளே வர நேர்ந்தால் தரையைப் பார்த்தபடியே வந்து, தரையைப் பார்த்தபடியே போவான்.

அமெச்சூர் போட்டி என்பது மூன்று சுற்று. தலைக்குக் கவசம் உண்டு. அடி பலமா என்பதைவிட அடி விழுந்ததா என்பதுதான் முக்கியம். ஓர் இடத்தில் நிற்கவே தெரியாதவளை யாரால் அடிக்க முடியும்? மூன்று வருடத்தில் உள்ளூர், வட்டாரம் என்று ஏறி, தேசிய இறுதிப் போட்டி வரைக்கும் வந்துவிட்டாள். அதில் ஜெயித்தால் நாட்டின் அணியில் இடம். அங்கிருந்து உலகப் போட்டி. உலகம் என்ற சொல் அந்த வீட்டுக்குள் நுழைந்தது அப்போதுதான். நுழைந்த பிறகு அதுவும் உட்காரவில்லை, வீடு முழுக்க நடந்துகொண்டே இருந்தது.

இறுதிப் போட்டி அன்று மாஸ்டரின் உதவியாளருக்குக் காய்ச்சல். மேடையில் டவலுக்கான மூலையில் இரண்டாவது ஆளாக மாமியார் நின்றார். வாளி, பஞ்சு, தண்ணீர் பாட்டில், கையில் ஒரு துண்டு. “இது எதுக்கு மாஸ்டரே?” என்று கேட்டார். “நம்ம பொண்ணு ரொம்ப அடி வாங்கினா இதை உள்ள விட்டுடணும். சண்டை அதோட முடிஞ்சிரும். நான் சொன்னா மட்டும் விடுங்க” என்றார் மாஸ்டர். மாமியார் தலையாட்டினார். முப்பது வருடம் டாக்டர் சொன்னதும் செய்து பழகியவர். அதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

அமெச்சூர் போட்டியில் சுற்று நடக்கும்போது மூலையிலிருந்து கத்தக் கூடாது. “டவல், இடுப்பைத் திருப்பி இடது கையை விடு” என்று மாஸ்டர் முதல் சுற்றில் கத்தினார், நடுவர் எச்சரித்தார். இரண்டாம் சுற்றில் “டவல், இடதை விடு” என்று சுருக்கினார், மறுபடி எச்சரிக்கை. மூன்றாம் சுற்றில் இருபது வினாடி பாக்கி. டவல் தெளிவாக முன்னிலையில் இருந்தாள், எதிராளி கயிற்றில் சாய்ந்திருந்தாள். ஒரே ஒரு குத்து போதும். மாஸ்டர் இன்னும் சுருக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் நன்றாகக் கேட்கும்படி சொன்னார்:

“டவல், விடு.”

மாமியார் விட்டார்.

துண்டு அழகாக விரிந்து, மிதந்து, மேடையின் நடுவில் போய் விழுந்தது. நடுவர் இரண்டு கைகளையும் வீசிச் சண்டையை நிறுத்தினார். தோற்றுக்கொண்டிருந்த பெண்ணின் கையைப் பிடித்து உயர்த்தினார்கள். அந்தப் பெண்ணே இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

“விடுன்னீங்க” என்றார் மாமியார்.

“அவளைச் சொன்னேன்.”

“டவல்னீங்களே.”

“அவ பேருதான்மா டவல்.”

“வீட்ல நான் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லையே, தம்பி” என்றார் மாமியார். முறையீடு எழுதிக் கொடுத்தார்கள். குழுவில் அதைப் படித்த ஒருவர், சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டு வந்து நிராகரித்தார்.

டவல் வீட்டுக்கு வந்து கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே நடந்தாள். மாமியார் அந்தத் துண்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து, பீரோவில் வைத்துப் பூட்டினார். ஒன்பது நாள் அந்த வீட்டில் “விடு” என்ற சொல்லை யாரும் பேசவில்லை. பத்தாவது நாள் மாஸ்டர் வந்தார்.

“ரெண்டு வருஷம் காத்திரு. மறுபடி தேசியப் போட்டி வரும்.”

“ரெண்டு நிமிஷமே என்னால முடியாது மாஸ்டர். வேற வழி இருக்கா?”

இருந்தது. தொழில்முறைக் குத்துச்சண்டை. தலைக்கவசம் கிடையாது, கையுறை சின்னது, சுற்றுகள் அதிகம். முதல் தொழில்முறைப் போட்டி ஒரு பழைய மீன் ஏலக் கொட்டகையில் நடந்தது. மூன்றாம் சுற்று மணி அடித்ததும் டவல் பழக்க தோஷத்தில் நேராக நடுவரிடம் போய், இல்லாத தலைக்கவசத்தைக் கழற்றப் பார்த்து, முடிவைக் கேட்டுக் கையை நீட்டினாள். “இன்னும் மூணு இருக்கும்மா” என்றார் நடுவர். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான்காம் சுற்றில் எதிராளி தரையில் இருந்தாள்.

இனி மூலையில் துண்டே கூடாது என்று மாமியார் சட்டம் போட்டார். வியர்வை துடைக்க மகனின் பழைய பனியன்களை வெட்டி எடுத்துவந்தார். பனியனை எவனும் டவல் என்று சொல்ல மாட்டான். “என் பனியன் ஊர் ஊரா சுத்துது, நான் பார்க்கிங்லயே நிக்கிறேன்” என்றான் மகன். துறைமுகக் கிடங்கு, சறுக்கு விளையாட்டு அரங்கு, கார் கண்காட்சி நடந்த கூடம் என்று நான்கு வருடத்தில் பத்தொன்பது சண்டை. சனிக்கிழமை அடித்துவிட்டுத் திங்கட்கிழமை சலவைக்கு வந்துவிடுவாள். வீங்கிய கண்ணோடு விரிப்பை இழுக்கிறவளைப் பார்த்துப் புதிய நோயாளிகள், சலவைக்கு வந்தவளா வார்டுக்கு வந்தவளா என்று குழம்பினார்கள்.

உலகம் ஒன்றுதான் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். குத்துச்சண்டையில் உலகச் சங்கங்கள் நான்கு. ஆளுக்கொரு பட்டம், ஆளுக்கொரு இடுப்புப் பட்டை, நான்குமே உண்மையான உலகம். அதில் ஒன்றை முப்பத்திரண்டாம் வயதில், குளிரில் கைவிரல் விறைத்துப்போகும் ஓர் ஊரில், பத்துச் சுற்றும் ஓடியாடி டவல் வாங்கி வந்தாள். கணவன் அந்தப் பட்டையை மூன்று தராசில் வைத்துப் பார்த்தான். மூன்றும் மூன்று எடை காட்டின. எது சரி என்று அவனும் சொல்லவில்லை.

ஆனால் அந்தச் சண்டையில் இடது புருவத்துக்கு மேல் கிழிந்தது. அடுத்ததில் அதே இடம். அதற்கடுத்ததிலும் அதே இடம். காயத்தில் மருந்துப் பஞ்சை வைத்து ஒரு நிமிடம் அசையாமல் அழுத்தினால் ரத்தம் நிற்கும். சுற்றுகளுக்கு நடுவில் கிடைப்பதும் சரியாக ஒரு நிமிடம்தான். ஆனால் டவல் மூலையில் போட்ட முக்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டே இருப்பாள். மாமியார் கையில் பஞ்சோடு அந்தப் புருவத்தைத் துரத்துவார், ஈ அடிக்கிறவர் மாதிரி. பாதி ரத்தம் நிற்கும், பாதி ரத்தம் வழியும். கடைசியாகப் பார்த்த டாக்டர் சொல்லிவிட்டார்: இன்னொரு முறை கண்ணுக்குள் ரத்தம் இறங்கினால் சண்டையை நிறுத்துவேன், அதோடு உரிமமும் போகும்.

அந்த நிலைமையில்தான் இரண்டாவது உலகம் கூப்பிட்டது. அந்தப் பட்டத்தை ஆறு வருடமாக வைத்திருந்தவளுக்கு ‘ஆணி’ என்று பெயர். அவள் அடித்தால் உள்ளே இறங்கும் என்பதால். டவலுக்கு முப்பத்து நான்கு வயது. இது போனால் இன்னொன்று வராது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதனால் யாரும் அதைச் சொல்லவில்லை.

எடை பார்க்கும் நாளில் இருவரையும் எதிரெதிரே நிறுத்தினார்கள்.

“டவலா? நல்லதாப் போச்சு. நாளைக்கு அடிச்சு முடிச்சதும் முகம் துடைச்சுக்கிறேன்” என்றாள் ஆணி.

“வா. பிழிஞ்சு காயப்போடுறேன்” என்றாள் டவல். எடை காட்டும் எண் அப்போதும் நிலைக்கவில்லை. “அசையாதீங்க மேடம்” என்று அதிகாரி மூன்று முறை சொன்னார்.

திரும்பி வந்து விடுதி அறையில் பையைத் திறந்தவள், பஞ்சுக்கும் பனியனுக்கும் அடியில் அதைப் பார்த்தாள். இஸ்திரி மடிப்புக் கலையாத அதே துண்டு.

“அத்தை, இது எதுக்கு?”

“உன் புருஷன் சத்தியம் வாங்கிட்டான். கண்ணுக்குள்ள ரத்தம் போச்சுன்னா நான் விடணும்.”

“போன தடவை விட்டீங்களே, அது போதாதா?”

ஏழு வருடத்தில் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் முறை. மாமியார் துண்டை வாங்கி, மடியில் வைத்து, இல்லாத சுருக்கத்தை நீவினார்.

“போன தடவை காதால கேட்டு விட்டேன். இந்தத் தடவை கண்ணால பார்த்துட்டுதான் விடுவேன்” என்றார். “விடணும்னு எனக்கு மட்டும் ஆசையா?”

டவல் அறையின் நீளத்தை அளந்தாள். பதினான்கு நடை. குறுக்கே ஒன்பது.

சண்டை முதல் ஏழு சுற்று வரை எப்படிப் போனது என்று இன்றும் மூன்று நிபுணர்கள் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். எட்டாவதில் நடந்ததில் மட்டும் குழப்பம் இல்லை. தலையோடு தலை மோதியது. இடது புருவம் பிளந்தது. ஒரு கண்ணில் உலகம் சிவப்பாகிப்போனது. மணி அடித்ததும் டாக்டர் மூலைக்கு வந்து விரலால் விலக்கிப் பார்த்தார். “இன்னொரு சுற்று பார்க்கிறேன். இப்படியே வழிஞ்சா நிறுத்திடுவேன்” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

டவல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். மாஸ்டர் இடது, வலது, வயிறு என்று எதையோ அடுக்கினார். மாமியார் வலது கையில் பஞ்சு, இடது கையில் துண்டு.

“உட்காரும்மா.”

“இருக்கட்டும் அத்தை.”

“ரத்தம் நிக்கணும்னா நீ நிக்கக் கூடாது” என்றார் மாமியார். குரலை உயர்த்தவில்லை, முப்பது வருடம் வார்டில் பேசிய குரல். “நிக்கிறதுன்னா நில்லு. நான் இதை விட்டுடுறேன்.”

டவல் அந்தத் துண்டைப் பார்த்தாள். பிறகு முக்காலியைப் பார்த்தாள். பதினைந்து அங்குல உயரம், வட்டமான பலகை, இவ்வளவு வருடமாகக் கூடவே வந்தும் ஒருநாளும் பயன்படாத சாமான்.

உட்கார்ந்தாள்.

மாஸ்டர் மறுபடி ஆரம்பித்தபோது மாமியார், “வாயை மூடுங்க மாஸ்டரே, நீங்க பேசினா அவ தலையாட்டுவா” என்றார். கட்டை விரல் புருவத்தில் இறங்கியது. டவலின் வாழ்க்கையிலேயே நீளமான நிமிடம் அது. காலணிக்குள் பத்து விரல்களும் தனித்தனியாக ஓடப் பார்த்தன. தொடை துடித்தது. ஆணி எதிர் மூலையில் தண்ணீர் குடிப்பது தெரிந்தது. அந்தத் தொண்டை ஏறி இறங்குவதை எண்ணினாள். ஒன்பது வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். எழுந்துவிடலாம் என்று நாற்பது முறை தோன்றியது. விரலுக்கு அடியில் சூடாக ஏதோ மெல்ல அடங்குவது நாற்பத்தோராவது முறைதான் தெரிந்தது.

ஒன்பதாம் சுற்றில் ரத்தம் வரவில்லை. முடிந்ததும் யாரும் சொல்லாமலே வந்து உட்கார்ந்தாள்.

பத்தாவதில் அரை நிமிடம் மிச்சம். டவல் ஆணியைக் கயிற்றோரம் தள்ளியிருந்தாள். மாஸ்டருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. ஏழு வருட அனுபவம், எச்சரிக்கை, சட்டம் எல்லாம் காற்றில் போக, கீச்சுக் குரலில் கத்தினார்:

“டவல், விடு.”

டவல் நடுச் சண்டையில், செய்யவே கூடாத காரியம், மூலையைத் திரும்பிப் பார்த்தாள். மாமியார் துண்டைக் கீழே போட்டு அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, வெறுங்கை என்று தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

பார்த்ததற்குத் தண்டனையாக வலது காதோரம் ஒன்று விழுந்தது. பரவாயில்லை. கால் மாறியது, இடுப்பு திரும்பியது, ஈர விரிப்பு பிரிந்தது. ஆணி ஒற்றை முழங்காலில் இறங்கினாள். நடுவர் எட்டு எண்ணும்போது எழுந்துவிட்டாள். ஆறு வருடப் பட்டக்காரி, சும்மாவா? ஆனால் அதற்குள் மணி அடித்துவிட்டது.

மாமியார் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். “முடிஞ்சிடுச்சா?” என்று மாஸ்டரிடம் கேட்டார். முடிந்தது என்றார். நம்பவில்லை. மணி அடிப்பவரிடம் போய், “முடிஞ்சிடுச்சுல்ல?” என்றார். எதிர் மூலைக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார். மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்ன பிறகு, கையைப் பின்னுக்கு இழுத்து, ஏழு வருடப் பலத்தோடு துண்டை மேடைக்குள் விட்டார். நடுவர் ஒரு கணம் திடுக்கிட்டுத்தான் போனார். அது டவலின் தோளில் போய் விழுந்தது. அவள் முகம் துடைத்துக்கொண்டாள்.

மூன்று தீர்ப்பாளர்களில் இருவர் டவல் என்றார்கள், ஒருவர் ஆணி என்றார். அந்த ஒருவரைப் பற்றி மாமியாருக்குத் தனிக் கருத்து உண்டு.

இதெல்லாம் நடக்கும்போது வண்டி நிறுத்துமிடத்தில் நின்றவனுக்கு வாசல் காவலாளி எட்டிப் பார்த்துச் செய்தி சொன்னார்: “உங்க மூலையில இருந்து டவல் விழுந்துடுச்சு சார்.” அவனுக்கு அதற்கு மேல் விவரம் தேவைப்படவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு, தரையைப் பார்த்தபடியே ஓடி வந்தான். படிகளை எண்ணி ஏறினான். மனைவியின் காலணிகள் கண்ணில் பட்டதும் நின்றான். வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்ததைச் சொன்னான்.

“பரவாயில்ல, விடு.”

மாமியார் வேகமாக இரண்டு அடி விலகிக்கொண்டார். மாஸ்டரும் விலகிக்கொண்டார்.

“பாருங்க அத்தை, உங்க பையனே சொல்றார்” என்ற டவல், இடுப்பில் புதிய பட்டை குலுங்க, கால் மாற்றி, அவன் தோளில் இடது கையால் ஒன்று விட்டாள். மெதுவாகத்தான். ஆனாலும் அவன், எல்லோருக்கும் முன்னால், அந்த முக்காலியில் போய் உட்கார்ந்தான்.